விற்ற காசு யார் கைக்குப் போச்சு? (சுஸ்லான் கதை)

போன ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லிக்குச் சட்னி அரைத்துக்கொண்டிருந்த நேரத்தில் அண்ணாச்சியிடமிருந்து ஃபோன். (அரைத்தது நான்தான். தங்கமணிக்கு ஞாயிறு விடுமுறை.)

அண்ணாச்சி நம்ம திருநெல்வேலிப் பக்கம். புனேக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பிம்ப்ரி பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருந்துவிட்டு, சமீபத்தில் வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டார். கையில் வந்த தொகை பதினெட்டு லட்சம். மகள் கல்யாணம் இன்னும் பாக்கி.

"தம்பி, ஒரு சோலார் கம்பெனி இருக்கு. கடன் ஜாஸ்திதான். ஆனா ரெண்டு பிளாண்டை விக்கப் போறானாம். வித்தா கடன் குறையும்லா? பங்கு இப்ப ஒம்பது ரூவாதான். இது அடுத்த சுஸ்லான்னு எல்லாரும் சொல்றாங்க. ஒரு அஞ்சு லட்சம் போடலாமா?"

"அண்ணாச்சி, அடுத்த சுஸ்லான் இருக்கட்டும். இருக்கிற சுஸ்லான் கதை உங்களுக்கு முழுசாத் தெரியுமா?"

"ரெண்டு ரூவாயா இருந்தது எண்பது ரூவா ஆச்சு. அவ்வளவுதானே?"

அவ்வளவுதான் இல்லை. அன்றைக்கு ஃபோனில் முக்கால் மணி நேரம் பேசினேன். இட்லி ஆறிப்போனது. அதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். அண்ணாச்சி மாதிரி நம்மில் பல பேர் இருக்கிறோம். ஊரை விட்டு வந்து, சம்பளத்தில் மிச்சம் பிடித்து, அதை எங்கே போடுவது என்று யாரையாவது கேட்டுக்கொண்டே இருப்பவர்கள்.

கொஞ்சம் கொசுவத்தி

எனக்குச் சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். திருநெல்வேலி பஸ்ஸில் ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தல் வரும்போது, ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவனுக்குக் காற்று முகத்தில் அறையும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கே காற்றாலைகள் ஒவ்வொன்றாக முளைக்க ஆரம்பித்தன. கரண்டுக்காக நட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பி.காம். படிக்கும்போது எங்கள் வருமானவரி வாத்தியார் ஒரு நாள் கேட்டார். "கோயம்புத்தூர் மில்காரன் எதுக்குடே ஆரல்வாய்மொழியில வந்து காத்தாடி வாங்குதான்?" வகுப்பே முழித்தது. பதில்: தேய்மானம். காற்றாலை வாங்கினால் முதல் வருஷமே அதன் முழு விலையையும் தேய்மானமாகக் கழிக்க அன்றைய வருமானவரிச் சட்டம் இடம் கொடுத்தது. நல்ல லாபம் பார்க்கும் மில், வரியாகக் கட்டவேண்டிய பணத்தில் பெரும் பகுதியைக் காற்றாலையாக நட்டு வைத்துக்கொள்ளலாம். கரண்டும் வரும், வரியும் மிச்சம். 2002 வாக்கில் அந்த 100 சதவீதம் 80 ஆகக் குறைந்தது. அப்போதும் லாபம்தான்.

இந்தியாவில் காற்றாலைத் தொழில் இப்படித்தான் வளர்ந்தது. காற்றில் பாதி, வரிச்சலுகையில் பாதி. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சூரத்தில் ஒரு நூல் வியாபாரி

சுஸ்லானைத் தொடங்கிய துல்சி தந்தி 1958இல் ராஜ்கோட்டில் பிறந்தவர். அவரும் நம்ம மாதிரி பி.காம்.தான். கூடவே மெக்கானிக்கல் டிப்ளமோ. சூரத்தில் சகோதரர்களோடு பாலியெஸ்டர் நூல் தொழில் செய்தார். கரண்ட் செலவும் கரண்ட் வெட்டும் லாபத்தைத் தின்றன. சொந்த உபயோகத்துக்கு இரண்டு காற்றாலை வாங்கி நிறுத்தினார். வாங்கிய பிறகுதான் அவருக்கு ஒன்று பிடிபட்டது: காற்றாலையை விற்பவன் இயந்திரத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறான். இடம் பார்ப்பது, அனுமதி வாங்குவது, நடுவது, ஓட்டுவது எல்லாம் வாங்கியவன் தலையில் விழுகிறது.

1995இல் சுஸ்லான் பிறந்தது. ஜெர்மனியின் சூட்விண்ட் நிறுவனத்திடமிருந்து தொழில்நுட்பம். இடம் தேடுவதிலிருந்து இருபது வருஷம் பராமரிப்பது வரைக்கும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்பதுதான் சுஸ்லானின் வியாபாரம். வரிச்சலுகைக்காகக் காற்றாலை வாங்கும் மில் முதலாளிக்கு இதைவிட என்ன வேண்டும்? இயந்திரத்தின் பெயர்கூடத் தெரியாமல் செக்கில் கையெழுத்துப் போட்டால் போதும்.

2005 அக்டோபரில் பங்குச்சந்தைக்கு வந்தது. விலை 510 ரூபாய். திரட்டியது சுமார் 1,500 கோடி. அப்போது நான் பேங்கில் சேர்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. நானும் விண்ணப்பம் போட்டேன். அலாட்மென்ட் ஆகவில்லை. ரொம்ப நாள் அதை என் துரதிர்ஷ்டம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

வாங்கிய காலம்

கையில் காசும் சந்தையில் பேரும் வந்ததும் சுஸ்லான் கடைக்குக் கிளம்பியது.

2006இல் பெல்ஜியத்தின் ஹேன்சன் டிரான்ஸ்மிஷன்ஸ் நிறுவனத்தை 46.5 கோடி யூரோவுக்கு வாங்கியது. காற்றாலைக்குக் கியர்பாக்ஸ் செய்யும் கம்பெனி. அன்றைக்குக் காற்றாலை செய்கிறவர்கள் எல்லோரும் கியர்பாக்ஸ் கிடைக்காமல் வரிசையில் நின்ற காலம். கடையையே வாங்கிவிட்டால் வரிசையில் நிற்க வேண்டாம் அல்லவா? நம்ம கோயம்புத்தூரிலும் ஹேன்சனுக்கு ஒரு தொழிற்சாலை வந்தது.

2007இல் ஜெர்மனியின் ரீபவர். கடலுக்குள் நடும் பெரிய காற்றாலை செய்யத் தெரிந்த நிறுவனம். பிரான்ஸின் அரேவாவும் அதற்கு ஆசைப்பட்டது. ஏலம் மாதிரி நடந்தது. அரேவா பங்குக்கு 105 யூரோ என்றது. சுஸ்லான் 126. அரேவா 140. சுஸ்லான் 150. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். ஓர் இந்தியக் கம்பெனி பிரெஞ்சு அரசின் கம்பெனியைத் தோற்கடித்துவிட்டது என்று பத்திரிகைகள் கொண்டாடின. பேங்கில் டீ குடிக்கும்போது நாங்களும் கொண்டாடினோம்.

இந்தக் கொண்டாட்டத்தில் இரண்டு விஷயம் கவனத்துக்கு வரவில்லை.

ஒன்று, ஜெர்மன் சட்டம். பெரும்பான்மைப் பங்கு வைத்திருக்கிறோம் என்பதற்காக ரீபவரின் பணப்பெட்டியையோ தொழில்நுட்பத்தையோ இஷ்டத்துக்கு எடுத்துக்கொள்ள முடியாது. சிறு பங்குதாரர்களுக்கு அங்கே பாதுகாப்பு அதிகம். மிச்சப் பங்குகளை அரேவாவிடமும் போர்ச்சுகலின் மார்ட்டிஃபரிடமும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி, 100 சதவீதம் ஆனது 2011இல்தான். நாலு வருஷம் வீட்டை வாங்கிவிட்டு, சமையலறைச் சாவி இல்லாமல் வராந்தாவில் உட்கார்ந்திருந்த கதை.

இரண்டு, கடன். 2007இல் மட்டும் 50 கோடி டாலருக்கு வெளிநாட்டில் மாற்றுக் கடன் பத்திரம் விற்றது சுஸ்லான். எஃப்.சி.சி.பி. என்பார்கள். ஐந்து வருஷம் கழித்துப் பங்கு விலை ஏறியிருந்தால், பத்திரம் வைத்திருப்பவர் அதைப் பங்காக மாற்றிக்கொள்வார். கம்பெனி காசு திருப்பித் தர வேண்டாம். ஏறவில்லை என்றால் டாலராகத் திருப்பித் தர வேண்டும். பங்கு ஏறிக்கொண்டே இருக்கும்போது இந்தப் பத்திரம் கடன் மாதிரியே தெரியாது. அதுதான் அதில் உள்ள ஆபத்து.

2008 ஜனவரியில் 10 ரூபாய் முகமதிப்புப் பங்கை ஐந்தாகப் பிரித்தார்கள். அந்த மாதம் பிரித்த பங்கே ஏறக்குறைய 460 ரூபாய் வரைக்கும் போனது. மொத்தம் சுமார் 150 கோடிப் பங்குகள். பெருக்கினால் கம்பெனியின் சந்தை மதிப்பு 69,000 கோடி. இந்த எண்ணையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

விரிசல்

அடுத்த சில வாரங்களிலேயே அமெரிக்காவில் சுஸ்லானின் சில இறக்கைகளில் விரிசல் கண்டார்கள். 1,251 இறக்கைகளைச் சரிசெய்து கொடுக்க வேண்டியதாயிற்று. அந்தச் செலவைக்கூடத் தாங்கியிருக்கலாம். ஆர்டர் கொடுக்கிறவர்களின் நம்பிக்கையில் விழுந்த விரிசல் பெரியது. அதே செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் கவிழ்ந்தது. காற்றாலை வாங்குகிறவர்கள் எல்லோரும் கடனில்தான் வாங்குவார்கள். கடன் கொடுக்க ஆளில்லை என்றால் ஆர்டரும் இல்லை.

இங்கேதான் விற்பனை ஆரம்பிக்கிறது.

2009 நவம்பரில் ஹேன்சனின் 35 சதவீதப் பங்கை விற்றார்கள். சுமார் 37 கோடி டாலர் வந்தது. மீதி 26 சதவீதத்தை 2011இல் ஜெர்மனியின் இசட்.எஃப். வாங்கிக்கொண்டது. ஹேன்சனோடு அந்தக் கோயம்புத்தூர்த் தொழிற்சாலையும் கைமாறியது.

ஒவ்வொரு விற்பனைச் செய்திக்கும் பத்திரிகையில் ஒரே மாதிரித் தலைப்பு: சுஸ்லான் கடனைக் குறைக்கிறது. நல்ல செய்தி மாதிரித்தானே இருக்கிறது?

நான் உட்கார்ந்திருக்கும் மேஜையிலிருந்து பார்த்தால் இது எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். சிரமத்தில் இருக்கும் கம்பெனியின் சொத்தெல்லாம் ஏதாவது ஒரு பேங்கில் அடமானத்தில் இருக்கும். விற்க வேண்டுமென்றால் எங்களிடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். பெரும்பாலும் அதற்கு நாங்கள் வைக்கும் நிபந்தனை, விற்ற பணம் எங்கள் கட்டுப்பாட்டில் உள்ள எஸ்க்ரோ கணக்குக்கு வர வேண்டும் என்பது. வந்ததும் முதலில் பாக்கி வட்டி, பிறகு அசல். மிச்சம் இருந்தால் கம்பெனிக்கு. பங்குதாரர் இந்த வரிசையில் கடைசி ஆள். பந்தியில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு இலை போடப்படும் ஆள்.

கணக்குப் புத்தகத்தில் கடன் குறையும். உண்மைதான். கூடவே அந்தச் சொத்து சம்பாதித்துக்கொண்டிருந்த வருமானமும் குறையும். எது அதிகம் குறைந்தது என்பதுதான் கேள்வி. அதைப் பத்திரிகைத் தலைப்பு சொல்லாது.

2012

ஐந்து வருஷம் முடிந்தது. பத்திரங்களுக்குப் பணம் கேட்டு நின்றார்கள். 2012 கோடையில் சுமார் 36 கோடி டாலர் புரட்டிக் கொடுத்தார்கள். அக்டோபரில் அடுத்தது வந்தது. நாலு மாசம் டைம் கேட்டார்கள். பத்திரதாரர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. சுமார் 20.9 கோடி டாலர் கட்ட முடியாமல் போனது. எஃப்.சி.சி.பி.யில் அதுவரை இந்தியா பார்த்த மிகப் பெரிய தவறல் அது.

போதாக்குறைக்கு, அந்த ஏப்ரலில்தான் அரசாங்கம் காற்றாலைக்கான துரிதத் தேய்மானச் சலுகையை நிறுத்தியிருந்தது. வாத்தியார் சொன்ன தேய்மானம் ஞாபகம் இருக்கிறதா? மில் முதலாளிகள் கடைப்பக்கம் வருவதை நிறுத்தினார்கள். (2014இல் சலுகை திரும்ப வந்தது. 2017இல் பாதியாகக் குறைந்தது.)

2013 தொடக்கத்தில் ஸ்டேட் பேங்க் தலைமையில் பேங்குகள் கூடி சுமார் 9,500 கோடிக் கடனை மறுசீரமைத்தன. இரண்டு வருஷம் தவணை இல்லை, வட்டி குறைப்பு, வட்டியில் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பங்கு. இந்தக் கடைசி வரியை இரண்டு முறை படியுங்கள். பேங்குக்குக் காசுக்குப் பதில் புதிய பங்கு கொடுத்தால், பழைய பங்குதாரரின் துண்டு சிறிதாகும். கேக் அதே கேக். வெட்டுவது அதிகத் துண்டு.

கிரீடத்தை விற்றது

2015 ஜனவரியில் பெரிய விற்பனை. ரீபவருக்கு அதற்குள் சென்வியான் என்று பெயர் மாறியிருந்தது. அமெரிக்காவின் சென்டர்பிரிட்ஜ் நிறுவனத்துக்கு 100 கோடி யூரோவுக்கு அதை விற்றார்கள். அரேவாவோடு ஏலம் போட்டு, நாலு வருஷம் போராடி முழுசாக்கிய கம்பெனி. அதே காலத்தில் சன் ஃபார்மாவின் திலீப் சங்வி குடும்பம் பங்குக்கு 18 ரூபாய் வீதம் 100 கோடிப் பங்குகளை 1,800 கோடிக்கு வாங்கியது. துண்டு மறுபடியும் சிறிதானது.

சென்வியானை விற்றது தோல்வி என்று பலரும் எழுதினார்கள். ஆனால் அடுத்த நாலு வருஷத்தில், 2019 ஏப்ரலில், அதே சென்வியான் ஜெர்மனியில் திவால் மனு கொடுத்தது. ஆசையாக வாங்கியதை வலியோடு விற்றது, கடைசியில் சரியான விற்பனையாக அமைந்தது. யார் வாங்கினார், யார் விற்றார் என்பதை வைத்து ஜெயித்தவரை அன்றைக்கே முடிவு செய்யக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகும் நிம்மதி இல்லை. 2017 பிப்ரவரியில் காற்றாலை மின்சாரத்துக்கு முதன்முதலாக மத்திய அரசின் ஏலம் நடந்தது. அதுவரை மாநிலங்கள் நிர்ணயித்த விலை. ஏலத்தில் யூனிட் 3 ரூபாய் 46 காசுக்கு வந்தது. அந்த டிசம்பரிலேயே குஜராத்தில் 2 ரூபாய் 43 காசு. கரண்டை அந்த விலைக்கு விற்பவன், காற்றாலையை என்ன விலைக்கு வாங்குவான்? 2016–17இல் நாடு முழுக்க சுமார் 5,500 மெகாவாட் நட்டார்கள். அடுத்த வருஷம் 1,800க்கும் கீழே. 2019 ஜூலையில் சுஸ்லான் மறுபடியும் 17.2 கோடி டாலர் பத்திரத்துக்குப் பணம் கட்ட முடியாமல் தவறியது. 2020இல் பங்கு 2 ரூபாய்க்கும் கீழே போனது.

விற்காமல் வைத்திருந்தது

சரி, பிறகு எப்படிப் பிழைத்தது?

2020 ஜூனில் பேங்குகள் இன்னொரு முறை கடனைத் திருத்தி எழுதின. ஒரு பகுதி மட்டும் தவணைக் கடன். மீதி, பங்காகவும் நீண்டகாலப் பத்திரமாகவும் மாறியது. 2022இல் ஆர்.இ.சி.யும் இரேடாவும் கடனை எடுத்துக்கொண்டன. அந்த அக்டோபரில் 5 ரூபாய் விலையில் 240 கோடி உரிமைப் பங்குகள், 1,200 கோடி. அது திறக்கப் பத்து நாள் இருக்கும்போது, அக்டோபர் 1ஆம் தேதி, துல்சி தந்தி மாரடைப்பில் காலமானார். 64 வயது. கம்பெனி எழுந்து நின்றதை அவர் பார்க்கவில்லை. 2023 ஆகஸ்டில் பெரிய முதலீட்டாளர்களுக்கு 17.55 ரூபாய் வீதம் பங்கு விற்று 2,000 கோடி. அதோடு பழைய கடன் தீர்ந்தது. 2024 செப்டம்பரில் இங்கே ஹடப்சரில் இருக்கும் தலைமையகம் 'ஒன் எர்த்' வளாகத்தை 440 கோடிக்கு விற்று, அதிலேயே வாடகைக்கு இருக்க ஒப்பந்தம் போட்டார்கள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நான் ஒரு நிமிஷம் திரும்பிப் பார்ப்பேன்.

இத்தனை விற்பனையிலும் ஒன்றை மட்டும் விற்கவில்லை. இந்தியாவில் நட்ட காற்றாலைகளைப் பராமரிக்கும் வேலை. 1995இல் சூரத்து வியாபாரிக்குப் பிடிபட்ட அதே விஷயம். புது ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும், நட்டது சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அதற்கு எண்ணெய் போட, ரிப்பேர் பார்க்க வருஷா வருஷம் காசு வரும். முப்பந்தலில் ஆடிக்காற்று அடிக்கும்வரை அந்தக் காசு நிற்காது. பேங்குகள் பொறுத்துப் போனதற்கு இந்த வருமானமும் ஒரு முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு.

பெல்ஜியம் போனது, ஜெர்மனி போனது, கடைசியில் சொந்தக் கட்டடமும் போனது. கறவை மாடு மட்டும் தொழுவத்தில் நின்றது.

இப்போது கணக்கு

2024 செப்டம்பரில் பங்கு 86 ரூபாய் தொட்டது. பங்குகளின் எண்ணிக்கை அப்போது சுமார் 1,364 கோடி. பெருக்குங்கள். சந்தை மதிப்பு 1.17 லட்சம் கோடி. 2008 உச்சத்தின் 69,000 கோடியைவிட எவ்வளவோ அதிகம். கம்பெனி ஜெயித்துவிட்டது.

2008 ஜனவரியில் 460 ரூபாய்க்கு 100 பங்கு வாங்கியவர் 46,000 ரூபாய் போட்டிருப்பார். 2024 செப்டம்பர் உச்சத்தில் அதன் மதிப்பு 8,600. பேங்கில் ஏழரை சதவீதக் கூட்டு வட்டியில் அதே பணம் ஒன்றரை லட்சம் ஆகியிருக்கும்.

அதை விடுங்கள், உச்சத்தில் வாங்கியவர் அவசரக்காரர். 2005இல் 510 ரூபாய்க்கு முதல் வெளியீட்டிலேயே வாங்கியவரைப் பாருங்கள். ஐந்தாகப் பிரித்த பிறகு அவருக்கு அடக்க விலை 102. பத்தொன்பது வருஷம் பொறுமையாக வைத்திருந்தும், ஆரம்பத்தில் கிடைத்த கொஞ்சம் டிவிடெண்டை விட்டுவிட்டால், 2024 உச்சத்தில்கூட அசல் திரும்பவில்லை. என் துரதிர்ஷ்டம் என்று நான் புலம்பிய அந்த அலாட்மென்ட்தான் இது!

கம்பெனியின் மதிப்பு ஏறிவிட்டது, பங்குதாரர் நஷ்டத்தில் இருக்கிறார். இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக முடியும்? 150 கோடிப் பங்கு 1,364 கோடி ஆனதால்தான். ஒன்பது மடங்கு. ஒவ்வொரு முறை கம்பெனி காப்பாற்றப்பட்டபோதும் அதற்கான விலையைப் பழைய பங்குதாரர் தன் துண்டிலிருந்து கொடுத்தார். அவரிடம் கையெழுத்துக் கேட்டு யாரும் வீட்டுக்கு வரவில்லை.

"அப்ப ரெண்டு ரூவாய்க்கு வாங்கினவன்?" என்றார் அண்ணாச்சி.

அவருக்கு நாற்பது மடங்குக்கு மேல். நிஜம்தான். ஆனால் அவர் வாங்கியபோது பெரும்பாலான விற்பனை முடிந்திருந்தது. அப்படியும் அது பிழைக்குமா என்று அன்றைக்கு உறுதியாக யாருக்கும் தெரியாது. பிழைத்த கம்பெனியின் கதைதான் நம் காதுக்கு வருகிறது. செத்த கம்பெனிகள் ஃபோன் பண்ணிச் சொல்வதில்லை.

என் வீட்டுக் கதை

எனக்கு இது எப்படி இவ்வளவு அத்துப்படி என்று கேட்டால், பட்டதுதான். சுஸ்லானில் இல்லை. இதே தொழிலில் ஒரு சின்னக் கம்பெனி, பெயர் வேண்டாம். 2011இல் அது நிலத்தை விற்கிறது என்று செய்தி. பங்கு ஏறியது, நான் வாங்கினேன். அடுத்த வருஷம் ஒரு காற்றாலைப் பண்ணையை விற்கிறது என்று செய்தி. இன்னும் கொஞ்சம் வாங்கினேன். மூன்றாவது விற்பனைக்குப் பிறகு அந்தக் கம்பெனியில் சம்பாதிக்க ஒன்றுமே மிச்சமில்லை. என் காசு ஒரு லட்சத்து நாற்பதாயிரம். இப்போதும் டீமேட் கணக்கில் பெயர் இருக்கிறது. வியாபாரம் நின்று வருஷங்கள் ஆகின்றன. "அதுக்கு ஒரு மாலை போட்டுடலாமா?" என்பாள் தங்கமணி.

வெட்கமான விஷயம் என்னவென்றால், அந்த வருஷங்களில் பகலெல்லாம் நான் எஸ்க்ரோ கணக்குக் காகிதங்களில்தான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். விற்ற பணம் எந்த வழியாக யாரிடம் போகும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் எவன்? சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அதே வரிசையின் கடைசியில் போய்க் காசு கொடுத்து நின்றிருக்கிறேன். தப்பு கம்பெனி மேல் இல்லை. அவர்கள் எல்லாவற்றையும் பங்குச்சந்தை அறிவிப்பில் எழுதித்தான் இருந்தார்கள். நான் தலைப்போடு நிறுத்திக்கொண்டேன்.

அண்ணாச்சியிடம் நான் வாங்குங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நாலு கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டு வரச் சொன்னேன்.

1. விற்ற பணம் யாருக்குப் போகிறது? முழுக்கக் கடன்காரருக்கா, தொழிலுக்கும் ஏதாவது மிஞ்சுமா?
2. விற்கும் சொத்து சம்பாதிக்கிறதா, சும்மா கிடக்கிறதா? சும்மா கிடப்பதை விற்றால் நல்லது. சம்பாதிப்பதை விற்றால் யோசிக்க வேண்டும்.
3. விற்ற பிறகு மிச்சமிருக்கும் தொழிலின் வருமானம், மிச்சமிருக்கும் கடனின் வட்டியைத் தாங்குமா?
4. ஐந்து வருஷத்துக்கு முன்னால் எத்தனை பங்கு, இன்றைக்கு எத்தனை? கடன் பங்காக மாற இன்னும் பாக்கி இருக்கிறதா?

எல்லாம் கம்பெனியின் ஆண்டறிக்கையிலும் பங்குச்சந்தை அறிவிப்புகளிலும் இருக்கும். ஒரு பைசா செலவில்லை. கண்ணாடி மட்டும் வேண்டும்.

புதன்கிழமை ராத்திரி திரும்ப ஃபோன் வந்தது. அவர் மகள் உட்கார்ந்து படித்துக் காட்டியிருக்கிறாள்.

"தம்பி, விக்கிற ரெண்டு பிளாண்டும்தான் அவனுக்கு நல்லா ஓடுற பிளாண்டு. வர்ற காசு மொத்தமும் பேங்குக்கு. பங்கு அஞ்சு வருஷத்துல மூணு மடங்காயிருக்கு."

"அப்ப என்ன அண்ணாச்சி முடிவு?"

"கறவை மாட்டை வித்துக் கடனை அடைச்சா, நாளைக்குக் காப்பிக்குப் பாலு? அஞ்சு லட்சம் எஃப்.டி.யில போட்டாச்சு."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு மெதுவாக, "ஒரு இருபதாயிரத்துக்கு மட்டும் அந்தப் பங்கு வாங்கினேன். மகளுக்குத் தெரியாது. நீயும் சொல்லிராத" என்றார்.

சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. என் டீமேட்டில் இருப்பதை வைத்துக்கொண்டு உங்களுக்கு உபதேசம் பண்ண நான் யார்?

டிஸ்கி: நான் பேங்க்காரன், முதலீட்டு ஆலோசகன் இல்லை. சுஸ்லான் பங்கு என்னிடம் ஒன்றுகூட இல்லை. இதைப் படித்துவிட்டு எதையும் வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். அந்த நாலு கேள்வியை மட்டும் எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டி வையுங்கள்.